நங்கூரம் தூக்கும்போது சார்ட்பிளாட்டர் அணைகிறது: ஹெல்ம் பேனலில் எங்கே பார்ப்பது?

கடலாடி:
பழைய மோட்டார் யாட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 12 வோல்ட், இரண்டு டீசல் எஞ்சின். விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்கும் மோட்டார்) பொத்தானை அழுத்தினால் ஹெல்மில் (படகை ஓட்டும் இடம்) சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத் திரை) அணைந்து மறுபடி எழுகிறது. போதாக்குறைக்கு, மழை பெய்தால் வழிவிளக்கு பிரேக்கர் விழுந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம்தான் நிற்கிறது. பெரிய பிரேக்கராக மாற்றிவிடலாமா?

சுக்கான்:
தயவுசெய்து வேண்டாம். பிரேக்கர் இருப்பது வயரைக் காப்பாற்ற. 15 ஆம்பியர் தாங்கும் வயருக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், பேனலுக்குப் பின்னால் வயர் உருகும், பிரேக்கர் அசையாது. படகில் தீ பிடித்தால் ஓட இடமில்லை. மழையில் விழுகிறது என்றால் ஏதோ ஒரு விளக்குக் கூட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள், எதைக் கழற்றினால் பிரேக்கர் விழாமல் நிற்கிறதோ அதுதான்.

அடுத்தது விண்ட்லாஸ். சுமை ஏறினால் அது நூறு ஆம்பியர்கூட இழுக்கும். எஞ்சினை ஓடவிடாமல், ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வையுங்கள். அப்புறம் அதையே பேனலுக்குப் பின்னால். இரண்டு இடத்திலும் சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பேனலில் மட்டும் சரிந்தால், விண்ட்லாஸும் பேனலும் பகிர்ந்துகொள்ளும் இணைப்பு ஒன்று கெட்டிருக்கிறது. நான் முதலில் நெகட்டிவ் பஸ்பாரைத்தான் (நெகட்டிவ் வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) பார்ப்பேன். திருகு மேலே இறுக்கமாகத் தெரியும், வயரை விரலால் அசைத்தால் அதன் முனை வளையம் அப்படியே சுற்றும், அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, கரை மின் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். அதே பெட்டியில் 230 வோல்ட் வயரும் ஓடலாம். எஞ்சின் ஓடும்போது மெயினை அணைக்கவே கூடாது, ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) டையோடு போய்விடும்.

கடலாடி:
பேட்டரியில் 12.2, பேனலில் 9.8. பஸ்பாரில் நீங்கள் சொன்ன அதே பச்சை! இன்னொன்று, மெயினை அணைத்தும் ஹெல்மில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. எழுத்து அழிந்த சுவிட்ச், எதற்கென்று தெரியவில்லை. வயரைத் துண்டித்துவிடவா?

அலைவாய்:
துண்டிக்காதீர்கள்! அது பெரும்பாலும் பில்ஜ் பம்ப், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவிடும் மிதவை சுவிட்சுக்கு ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும், ஆளில்லாத நேரத்திலும் பம்ப் ஓட வேண்டுமே. மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள், அந்த விளக்கு எரிந்தால் சந்தேகமே இல்லை.

சுக்கான்:
ஆமாம், அதுதான். ஆனால் கட்டி நிற்கும் படகில் அது அடிக்கடி எரிகிறது என்றால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. பஸ்பார் இரண்டு நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது. முதலில் ஷாஃப்ட் சீலையும் (புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது), கடல்நீர் வால்வுகளின் குழாய்ப் பட்டைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.