பெரியப்பாவின் மூன்று லென்ஸ்களும் ஆடிக் கொடையும்

குழு: ஆலமரத்து வீடு
சனிக்கிழமை, இரவு 8:12

தம்பி: அண்ணா, ஒரு லட்சத்து இருபதாயிரம் சேர்த்துவிட்டேன். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வீடியோ கேமரா வாங்கியாக வேண்டும். லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, எந்த பாடி நல்லது?

சென்னை அண்ணன்: பாடியைப் பிறகு பேசுவோம். எதை எடுக்கப்போகிறாய், எங்கே நின்று எடுக்கப்போகிறாய்?

தம்பி: வில்லுப்பாட்டு முழுவதும். கணியான் கூத்து. நள்ளிரவில் சாமியாடி வேட்டைக்குப் போகும்போது பின்னாலேயே ஓட வேண்டும்.

பாளை அத்தை: போன கொடையில் நீ போனில் எடுத்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது ஐயா. சாமி ஆடியதா, நீ ஆடினாயா என்றே தெரியவில்லை.

தம்பி: அதற்காகத்தான் அத்தை கேமரா வாங்குகிறேன் 🙏

பெரியப்பா: என்னிடம் மூன்று நிகான் லென்ஸ்கள் இருக்கின்றன. 50 எஃப் 1.8, 105 எஃப் 2.5, 80-200 எஃப் 2.8. முன்னால் இருப்பது மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம், எஃப் எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வரும். ஸ்டூடியோவை மூடியபோது கேமராக்களைக் கொடுத்துவிட்டேன். இவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை.

பெரியப்பா: அந்த 105 சாதாரணமானது அல்ல. 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் இந்த வகை லென்ஸில் எடுத்ததுதான்.

நான்: பெரியப்பா, இதை என் கல்யாணத்திலும் சொன்னீர்கள் 😄

பெரியப்பா: உன் கல்யாணத்தையும் அதில்தான் எடுத்தேன்.

சென்னை அண்ணன்: பெரியப்பா, மூன்றிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் வளையம் இருக்கிறதா? கையால் திருகினால் உள்ளே இதழ்கள் நகர்கின்றனவா?

பெரியப்பா: இரு, பீரோவைத் திறக்கிறேன்.

தம்பி: என் நண்பன் உள்ளே கண்ணாடி வைத்த பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறான். அதில் இவை பொருந்துமா?

சென்னை அண்ணன்: பொருந்தும், ஆனால் வேண்டாம். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து (மவுண்ட்) படத்தைப் பதியும் சென்சார் வரை ஒரு தூரம் இருக்கிறது அல்லவா, நிகானின் பழைய எஃப் மவுண்டில் அது 46.5 மில்லிமீட்டர். கேனான் இஎஃப்பில் 44. மீதி 2.5 மில்லிமீட்டரில் ஒரு தகடு போன்ற அடாப்டரைச் செருகிவிடலாம். ஆனால் அந்த பாடியில் கை நடுக்கத்தைச் சரிக்கட்ட சென்சார் அசைந்து கொடுக்கும் வசதி கிடையாது, பெரியப்பாவின் லென்ஸ்களிலும் அது கிடையாது. அத்தைக்கு மறுபடியும் தலை சுற்றும்.

தம்பி: அப்படியென்றால் கேனான் லென்ஸை நிகான் டிஎஸ்எல்ஆரில் போடலாமா?

சென்னை அண்ணன்: முடியாது. 44ஐ 46.5க்குள் எப்படி அடக்குவாய்? அடாப்டரால் தூரத்தைக் கூட்டத்தான் முடியும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பழைய லென்ஸ்களுக்கு வசதியாக இருப்பது இதனால்தான். கண்ணாடி எழும்பி இறங்கும் இடம் அவற்றுக்குத் தேவையில்லை. நிகான் இசட்டில் 16, சோனி இ மவுண்டில் 18, பானசோனிக்கின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25. மிச்ச இடம் முழுவதும் அடாப்டருக்கு.

நான்: நிகான் லென்ஸ்தானே, நிகான் இசட்6 வாங்கி அவர்களுடைய எஃப்டிஇசட் அடாப்டரையே போட்டுவிட்டால் என்ன?

பெரியப்பா: அதுதான் முறை. என் மகள் சரியாகச் சொல்கிறாள்.

சென்னை அண்ணன்: நல்ல கேமராதான். முழு ஃபிரேம் சென்சார், அதாவது பழைய ஃபிலிம் அளவு, இருட்டில் சுத்தமாக எடுக்கும். ஆனால் பெரியப்பாவின் மூன்றுக்கும் அதில் தானியங்கி ஃபோகஸ் கிடைக்காது. 50உம் 105உம் கையால் திருகுபவை. 80-200 ஏஎஃப்-டி வகை, அதைச் சுழற்ற பாடிக்குள் மோட்டார் வேண்டும், எஃப்டிஇசட்டில் அது இல்லை. இன்னொன்று, இசட்6 ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 நொடிதான் பதிவு செய்யும்.

தம்பி: வில்லுப்பாட்டு மூன்று மணி நேரம் போகும் 😟

சென்னை அண்ணன்: கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில் கேமரா தானாக நின்றிருக்கும். அதனால் நான் சொல்வது பானசோனிக் ஜிஎச்5. 2017இல் வந்தது, யாராவது பயன்படுத்தியதாகப் பார்த்து வாங்கு. கார்டும் பேட்டரியும் இருக்கும்வரை ஓடும். சென்சார் ஐந்து அச்சில் அசைந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். வீடியோவில் அதன் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் என்பது பழைய குறை. பெரியப்பாவின் லென்ஸை எப்படியும் கையால்தானே திருகப்போகிறாய்?

பெரியப்பா: அந்தச் சென்சார் பாதி அளவு. என் லென்ஸ் தரும் படத்தில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீணாக்கும். 50ஐப் போட்டால் 100 போலத் தெரியும்.

சென்னை அண்ணன்: உண்மைதான். அதற்குத்தான் 0.71 ரெடியூசர் இருக்கிறது. சாதாரண அடாப்டர் வெறும் குழாய். ரெடியூசருக்குள் கண்ணாடி உண்டு. வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதே கதைதான், பரந்த வெளிச்சத்தைச் சிறிய இடத்தில் சேர்க்கிறது. 50 லென்ஸ் 36 ஆகும், எஃப் 1.8 ஏறக்குறைய 1.3 ஆகும். ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. கொடைப் பந்தலுக்கு இது பெரிய உதவி.

பெரியப்பா: 1.3 ஆ? கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

சென்னை அண்ணன்: காட்டுகிறேன். தம்பி, அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. நான் தொடக்கத்தில் எழுநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் லென்ஸே ஒரு நூல் அளவு ஆடும், படம் பக்கவாட்டில் துள்ளும். தடிமனும் ஒரு இம்மி கூடுதல், தூரத்தில் இருக்கும் எதுவும் கூர்மையாக விழவில்லை. ஒரு தேரோட்டத்தின் கோபுரம் முழுவதும் மங்கல். பணம் கொடுத்தவர் இன்றும் என்னைப் பார்த்தால் எதிர்த்திசையில் நடக்கிறார்.

பாளை அத்தை: அந்தத் தேரோட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். நல்லவேளை, நேரில் பார்த்துவிட்டேன்.

தம்பி: சென்சார் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் என்றால் ட்ரைபாட் தேவையில்லையே?

சென்னை அண்ணன்: அவசரப்படாதே. எந்த நீள லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் சென்சார் எவ்வளவு அசைய வேண்டும் என்று கணக்குப் போடும். பெரியப்பாவின் லென்ஸ் வெறும் அடாப்டர் வழியாக அதனிடம் எதுவும் சொல்லாது. நீதான் மெனுவில் எண் கொடுக்க வேண்டும். ரெடியூசரோடு 50க்கு 36, 105க்கு 75. லென்ஸை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் படம் மிதக்கும், இல்லையென்றால் வெட்டி வெட்டி இழுக்கும். ஜூமில் இன்னும் சிக்கல், ஒரே எண்தான் கொடுக்க முடியும். அதற்கு 80-200இன் சிறிய முனையைக் கொடு, குறைவாகத் திருத்தினால் பரவாயில்லை, அதிகமாகத் திருத்தினால் கண்ணை உறுத்தும். அந்த லென்ஸ் 1.3 கிலோ வேறு. ட்ரைபாட்டில் லென்ஸின் கழுத்துப் பட்டையைப் பூட்டு, கேமராவைப் பூட்டாதே. பூட்டியபின் இந்த நடுக்கத் திருத்தத்தை (ஸ்டெபிலைசேஷன்) நிறுத்திவிடு.

சென்னை அண்ணன்: மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் இயங்கு’ என்ற அமைப்பையும் போட்டுவிடு. இல்லையென்றால் லென்ஸே மாட்டவில்லை என்று சொல்லி கேமரா வேலை செய்ய மறுக்கும்.

நான்: வேட்டைக்குப் பின்னால் ஓடுவது எப்படி? அங்கே யார் ஃபோகஸ் திருகுவது?

சென்னை அண்ணன்: அதற்கு பெரியப்பாவின் லென்ஸ் வேண்டாம். பானசோனிக்கின் சொந்த 12-35 எஃப் 2.8, இரண்டாம் பதிப்பு. அதற்குள்ளேயே ஒரு ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, பாடியும் லென்ஸும் பேசிக்கொண்டு சேர்ந்து திருத்தும். அடாப்டர் வழியாக அந்தப் பேச்சு நடக்காது. பந்தலில் பழைய லென்ஸ், ஓட்டத்தில் இது. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் வைத்து நட.

பெரியப்பா: வில்லடிப்பவர் வீசுகோலைச் சுழற்றும்போது கோல் மங்கலாகத் தெரியுமே, அதை இந்தக் கருவி திருத்துமா?

சென்னை அண்ணன்: திருத்தாது பெரியப்பா. அது நம் கை நடுக்கத்துக்கு மட்டும். கோலின் வேகத்துக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் வெளிச்சம் குறையும். டியூப் லைட் பந்தலில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துவிடலாம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வெளிச்சம் துடிக்காது. கோல் கொஞ்சம் மங்கினால்தான் வேகம் தெரியும்.

பெரியப்பா: இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பாளை அத்தை: எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கேமரா வாங்கி வந்தான். பையை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். உடைந்ததைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவன் அம்மா ஒரே சண்டை.

சென்னை அண்ணன்: அத்தை, அது உடைசல் அல்ல. அணைத்திருக்கும்போது சென்சார் தளர்வாகத் தொங்கும், அதன் சத்தம். கேமராவை இயக்கியதும் காந்தம் பிடித்து நிறுத்திவிடும்.

பாளை அத்தை: அட. நானும் அந்தச் சண்டையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டேனே.

இரவு 9:40

பெரியப்பா: மூன்றையும் எடுத்துவிட்டேன். அபர்ச்சர் வளையம் மூன்றிலும் இருக்கிறது, இதழ்கள் நன்றாக நகர்கின்றன. 105க்குள் ஓரமாகச் சிலந்தி வலை போல ஏதோ தெரிகிறது.

சென்னை அண்ணன்: பூஞ்சைதான். மற்ற இரண்டிலிருந்து தள்ளி வையுங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது, சுத்தமும் செய்யலாம்.

பெரியப்பா: நாளைக் காலை பஸ் பார்சலில் போட்டுவிடட்டுமா?

தம்பி: வேண்டாம் பெரியப்பா, நானே கோவில்பட்டிக்கு வருகிறேன். பயன்படுத்திய ஜிஎச்5 ஒன்றை இரண்டு நாள் வாடகைக்குத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், அதையும் எடுத்து வருகிறேன். உங்கள் வீட்டு மாடியிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

பெரியப்பா: வரும்போது ஒரு டார்ச் கொண்டு வா. இங்கே இருப்பதில் பேட்டரி இல்லை. உன் பெரியம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறாள்.