பாக்குராவ் பார்த்துவிட்டுத் தூக்கம் போனவர்கள் இங்கே வாருங்கள்

இரவுப்பேருந்து:
பாக்குராவ், 2019இல் வந்த பிரேசில் படம், முந்தாநாள் ராத்திரி பார்த்தேன். கதை சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள், கீழே எல்லாம் உடையும்.

எனக்கு அந்த வாத்தியார் காட்சிதான். பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு டேப்லெட் மேப்பில் பாக்குராவ் என்ற தங்கள் ஊரைத் தேடுவாரே. பெரிதாக்குகிறார், தள்ளிப் பார்க்கிறார், ஊரைக் காணோம். நேற்றுவரை இருந்த ஊர். ஒரு பொடியன், மேப்பில் இருக்கக் காசு கட்டணுமா என்று கேட்கிறான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

படம் முடிந்தபோது மணி ஒன்றரை. படுத்துக்கொண்டே போனில் அம்மா பிறந்த ஊரைத் தேடினேன், மானாமதுரைப் பக்கம். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் தெரிகிறது. தாத்தா வீட்டு ஓடு, பாதி சரிந்தது, அதுகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. பெயரை அடித்தால் வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. மண்டபத்துக்கு 4.1 நட்சத்திரம்.

அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "ஊர் என்ன காலு மொளச்சு ஓடியா போயிரும்? போய்ப் படு" என்றார். இரண்டு நாளாக மனசு அங்கேயே நிற்கிறது. உங்களுக்கு எந்த இடம்?

குடம்_நம்பர்_9:
மேப் எல்லாம் அப்புறம் ப்ரோ. அதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டார்களே, அதைப் பார்க்கவில்லையா? ஆற்றை மேலே மறித்தாயிற்று, அதனால்தான் லாரியில் தண்ணீர் வருகிறது.

அந்த லாரி ஊருக்குள் வந்து நிற்கும். டேங்கின் பக்கவாட்டில் குண்டு துளைத்த ஓட்டைகள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். டிரைவருக்கே விஷயம் தெரியாது. யார் சுட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அடியில ஒரு குடத்தை வைங்கடா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி ஒரு மாதிரி பார்த்தாள்.

நான் மேடவாக்கத்துக்காரன். படம் கான் திரைப்பட விழாவில் ஓடியது 2019 மே மாதம். ஜூனில் நாங்கள் தெருமுனையில் குடத்தோடு நின்றோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வந்த லாரியில் வால்வு ஒழுகும். அந்த ஒழுகலுக்கு அடியில் யார் வாளி வைப்பது என்று எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்த சண்டை இன்னும் தீரவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

அரைடிக்கெட்:
யாரோ ஒரு புண்ணியவான் "நல்ல கிராமத்துப் படம்" என்று சொன்னான். நம்பி மாமனாரோடு உட்கார்ந்தேன். அவர் ரிடையர்டு விஏஓ. ஆரம்பத்தில் சாலை முழுக்கச் சவப்பெட்டி சிதறிக் கிடக்க, லாரி அதன்மேல் ஏறிப் போகிறதே, அதற்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டி கார்மெலிட்டாவின் சாவு ஊர்வலம் அவருக்குப் பிடித்தது. "நம்மூரு மாதிரியே இருக்கு" என்றார். அப்புறம்தான் அந்தக் கிழவர் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ள, சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார். சத்தமே இல்லாத காட்சி அது.

அப்படியே நிறுத்திவிட்டோம். மீதியை நான் மறுநாள் பார்த்தேன். முதல் பாதி கனவு மாதிரி, பறக்கும் தட்டு வேறு வருகிறது. இரண்டாம் பாதியில் வெளிநாட்டு ஆட்கள் ஊரை வேட்டையாட வர, முழுக்க டுமீல் டுமீல். ஊர் மறைந்துபோகும் கதையைச் சொல்ல வந்துவிட்டு, பாதியில் டைரக்டருக்குத் துப்பாக்கி ஆசை வந்துவிட்டது.

கொட்டாவி:
அரைடிக்கெட், அது பறக்கும் தட்டு இல்லை, தட்டு வடிவத்தில் செய்த டிரோன். படத்திலேயே சொல்கிறார்கள். நீங்கள் மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

"பாதியில் மாறிவிட்டது" என்பதுதான் எனக்கு ஆகாத பேச்சு. பைக்கில் வெளியூர் ஜோடி ஒன்று வருமே, அவர்களை எங்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். அந்த ஜோடி போகாது. போயிருந்தால் தெரிந்திருக்கும், உள்ளே இருப்பது அந்த வறண்ட சீமை ஆட்கள் பழைய காலத்தில் துப்பாக்கி தூக்கிய வரலாறு. இரண்டாம் பாதியில் வெடிப்பது எல்லாம் முதல் பாதியிலேயே சுவரில் தொங்குகிறது. டைரக்டர் ஒருத்தர் இல்லை, இரண்டு பேர், க்ளெபர் மென்டோன்சா ஃபில்யோவும் ஜூலியானோ டோர்னெல்லெஸும். கானில் ஜூரி பரிசு வாங்கிய படம். துப்பாக்கி ஆசைக்குக் கொடுத்த பரிசு இல்லை அது.

என் அனுபவம் என்றால், கடைசியில் அருங்காட்சியகச் சுவரில் ரத்தக் கைத்தடம் இருக்கும். தரையைக் கழுவுங்கள், சுவரை அப்படியே விடுங்கள் என்று அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொல்வார். அவ்வளவுதான். ஒரு வாரம் ஆகிறது, வீட்டுச் சுவரில் என் பையன் வைத்த எண்ணெய்க்கை அடையாளத்தைத் துடைக்க முடியவில்லை.

அரைடிக்கெட்:
பரிசு கொடுத்தால் பிடித்தே ஆகணுமா சார்? அந்தப் பரிசையும் இன்னொரு படத்தோடு பங்குபோட்டுத்தான் கொடுத்தார்கள்.

விடியல்நடை:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். பாக்குராவ் என்பது ஒரு ராப்பறவை. நம்மூரில் பக்கி என்போம். ஆமாம், வீட்டில் திட்டுவார்களே அதே பக்கி. பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும். நாம் மிதிக்கப் போகும்போதுதான் எழும்பும். படத்தில் அந்தப் பைக் பெண், அந்தப் பறவை அழிந்துபோச்சா என்று கேட்பாள். இங்கே இருக்கு, ராத்திரிதான் வரும் என்று கடைக்காரம்மா சொல்வார். எனக்கு அங்கேயே முதுகுத்தண்டு சில்லிட்டது. ஒருமுறை கிண்டி ரயில்வே குடியிருப்புப் பக்கம் என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பக்கி எழும்பியது. கல் என்று நினைத்திருந்தேன்.

நிலஅளவை:
இரவுப்பேருந்து அவர்களுக்கு. நானும் வாத்தியார் காட்சியில் மாட்டிக்கொண்டவன். என் ஊரைத் தேடினேன், இல்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் இதற்கு வழி இருக்கிறது.

முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் வருவாய்க் கிராமம் என்று வேறு பெயர் போட்டிருக்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள் அடங்கும். நாம் "ஊர்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் குக்கிராமத்தைத்தான். ஆவணத்தில் அது தனியாக வராது, மேப்பிலும் விட்டுப்போகும். அடுத்து, ஆங்கில எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள், ஞாபகம் இருக்கா? எழுத்துக் குழப்பம் அவ்வளவு இருக்கிறது. அதிலும் வராவிட்டால் யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் கணக்குத் தொடங்கி, கண்மாய்க் கரையில் ஒரு புள்ளி வைத்து, குக்கிராமம் என்று வகை கொடுத்து, தமிழில் பெயர் எழுதிச் சேமியுங்கள். கூகுளைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, உரிமைப் பிரச்சினை. கூகுளில் சேர்க்க வேண்டுமென்றால் "விடுபட்ட இடம்" என்று பரிந்துரைக்கலாம், அவர்கள் சரிபார்த்துத்தான் போடுவார்கள். பழைய சர்வே ஆஃப் இந்தியா மேப் தாள்கள் கிடைத்தால் விடாதீர்கள், அவற்றில் குளத்துக்கும் ஊருக்கும் பழைய பெயர்கள் இருக்கும். அம்மாவை உட்காரவைத்துத் தெருப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இரவுப்பேருந்து:
நன்றி சார். ஆனால் எப்படிச் சேர்ப்பது என்று நான் கேட்கவே இல்லையே. அம்மாவிடம் கேட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன், அவர் தெருப் பெயர் சொல்லவில்லை. "கருவேலமரத்து வீடு, சைக்கிள்காரர் வீடு" என்று சொல்லிக்கொண்டே போனார். இப்போது அந்த மரமும் இல்லை, சைக்கிள்காரரும் இல்லை.

பரிசல்துறை:
கார்மெலிட்டாவின் சவப்பெட்டியிலிருந்து தண்ணீர் பொங்கி வழியுமே, அதைப் பற்றி யாருமே பேசவில்லையா? பேத்தி மாத்திரை போட்டதால் வந்த மயக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. எங்கள் பாட்டி வீட்டாருடைய ஊர் மேட்டூர் அணைக்குள் போனது. அணை முடிந்தது 1934இல். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை காட்டும், சர்ச் கோபுரமும் தெரியும். பேப்பரில் படம் வரும், பார்த்திருப்பீர்கள்.

எனக்கு எட்டு வயசிருக்கும். அப்படி ஒரு கோடையில் பாட்டி எங்களைக் கூட்டிப் போனார். வெடித்த சேறு, காய்ந்த மீன் வாடை, சுற்றிலும் ஒன்றுமே இல்லை. பாட்டி ஓரிடத்தில் போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்து அதட்டினார்: "வூட்டுக்குள்ள செருப்போடவா வருவ?"

கழற்றிவிட்டேன். சேறு சுட்டது.

அரைடிக்கெட்:
ஒரு தகவல். மாமனார் மீதிப் படத்தை எங்களுக்குத் தெரியாமல் தனியாகப் பார்த்து முடித்திருக்கிறார். காலையில் காபி குடிக்கும்போது, "சுவத்துல வெள்ளையடிக்காம விட்டாங்களே, அது சரிதான் மாப்ள" என்றார். கிழவரைப் பற்றி மூச்சே விடவில்லை.