ஹிஸ்டமினுக்குக் குடல் துண்டு மசியாமல் போவது ஏற்பியாலா, திசு ஓய்ந்ததாலா?

இலியம்:
வணக்கம். கினிப்பன்றி இலியம் (சிறுகுடலின் கடைப்பகுதி), 2 செ.மீ. துண்டு, 25 மி.லி. ஆர்கன் பாத் (திசுவைத் தொங்கவிடும் கரைசல் தொட்டி), டைரோடு கரைசல் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), 37 டிகிரி, 1 கிராம் இழுவிசை. 0.3 மைக்ரோமோலார் ஹிஸ்டமினுக்கு நல்ல சுருக்கம் வருகிறது. 10 மைக்ரோமோலார் விட்டு 5 நிமிடம் வைத்திருந்து கழுவியபின், அதே 0.3-க்குப் பாதிகூட எழும்பவில்லை. அரை மணி நேரத்தில் பெரும்பாலும் மீள்கிறது. ஆனால் உச்சச் சுருக்கம் அவ்வளவாகக் குறையவே இல்லை. உச்சம் குறையாதபோது ஏற்பி (மருந்து வந்து ஒட்டும் செல் புரதம்) உணர்திறன் இழந்தது என்று எழுதலாமா?

மென்தசை:
தாராளமாக எழுதலாம், ஆனால் வேறு இரண்டு காரணங்களை ஒதுக்கிய பிறகு. முதலில் உச்சத்தைப் பற்றி. மென்தசையில் உபரி ஏற்பிகள் உண்டு. ஒரு செல்லில் 100 ஏற்பி இருந்து, முழுச் சுருக்கத்துக்கு 10 போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஏற்பி செயலிழந்தாலும் மிச்சம் 20 இருக்கிறதே, உச்சம் அப்படியே வரும். அதை எட்ட அதிக மருந்து வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மருந்தளவுக்கு எதிராகச் சுருக்கத்தை வரையும் வளைவு வலப்பக்கம் நகரும், தலை சாயாது. உபரி தீர்ந்த பிறகுதான் உச்சம் இறங்கும். அதனால் உணர்திறன் இழப்பை எப்போதும் உச்சத்தில் பாதி தரும் அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிய அளவை மட்டும் வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இப்போது காரணங்கள். திசு ஓய்ந்திருக்கலாம், ஏற்பிக்குப் பின்னால் உள்ள பாதை தளர்ந்திருக்கலாம், ஏற்பியே அடங்கியிருக்கலாம். முதலாவதற்குப் பொட்டாசியம் குளோரைடு போதும். 3 மோலார் கரைசலில் 0.4 மி.லி. விட்டால் உங்கள் பாத்தில் மொத்தப் பொட்டாசியம் ஏறக்குறைய 50 மில்லிமோலார் ஆகும். அது எந்த ஏற்பியையும் நாடாமல் செல்சவ்வை முனைவிழக்கச் செய்து (அதன் மின்னழுத்த வேறுபாட்டைக் குறைத்து) கால்சியம் வாயில்களைத் திறக்கிறது. அதற்கும் சுருக்கம் குறைந்தால் ஹிஸ்டமினைக் குற்றம் சொல்லாதீர்கள், கரைசலைப் பாருங்கள். கால்சியம் குளோரைடைத் தனியாகக் கரைத்துக் கடைசியில் சேர்க்காவிட்டால் பைகார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். அப்புறம் 1.8 மில்லிமோலார் கால்சியம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

பொட்டாசியத்துக்குக் குறையாமல் ஹிஸ்டமினுக்கு மட்டும் குறைந்தால், வேறோர் ஏற்பி வழியாகச் சுருக்கும் அசிட்டைல்கோலின் விட்டுப் பாருங்கள். அது அப்படியே இருந்தால் ஹிஸ்டமின் எச்-1 ஏற்பியோடு நிற்கும் இழப்பு என்று கொள்ளலாம்.

டைரோடு:
மேலே சொன்னதில் இரண்டு திருத்தம். அசிட்டைல்கோலினுக்கும் குறைந்தால் உடனே "ஏற்பி இல்லை" என்று தள்ளிவிட வேண்டாம். எச்-1, அசிட்டைல்கோலினுக்கான எம்-3 ஏற்பி இரண்டும் செய்தியைச் செல்லுக்குள் கடத்த ஒரே ஜி-கியூ புரதத்தைத்தான் பிடிக்கின்றன. ஹிஸ்டமின் அதிகமாக, நெடுநேரம் இருந்தால் புரோட்டீன் கைனேஸ்-சி (பாஸ்பேட் ஒட்டும் ஒரு நொதி) கிளர்ந்து, தூண்டப்படாத பக்கத்து ஏற்பிகளிலும் பாஸ்பேட்டை ஒட்டிவிடக்கூடும். அதுவும் ஏற்பி அடங்குவதுதான், ஆனால் ஒன்றோடு நிற்காத வகை. தூண்டப்பட்ட ஏற்பியை மட்டும் குறிவைப்பது ஜி.ஆர்.கே. கைனேஸ்: ஏற்பியின் உட்பகுதியில் பாஸ்பேட் ஒட்டும், அதன்மேல் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்காரும், ஜி-புரதத்துக்கு இடமிருக்காது. இது நொடிகளில் தொடங்கி நிமிடங்களில் முற்றும். செல்லுக்குள் இழுத்துக்கொள்வது நிமிடக் கணக்கு. ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைவது மணி, நாள் கணக்கு. அரை மணியில் மீள்வதால் உங்களுடையது முதல் இரண்டில் ஒன்று; புது ஏற்பி செய்து ஈடுகட்ட அந்த நேரம் போதாது.

இரண்டாவது: பொட்டாசியம் குடல்சுவரின் நரம்புகளையும் தூண்டி அசிட்டைல்கோலினைக் கசியவிடும். தசையின் பதில் மட்டும் வேண்டுமென்றால் அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைக்கும் அட்ரோபின் 1 மைக்ரோமோலார் வேண்டும். ஆனால் அட்ரோபின் லேசில் கழுவிப் போகாது. அந்தத் துண்டில் பிறகு அசிட்டைல்கோலின் சோதனை வீண். வேறு துண்டு எடுங்கள்.

எந்த மென்தசைக்கும் இதே கதையைப் பொருத்தவும் வேண்டாம். சிறுநீர்ப்பையில் உள்ள பி-2-எக்ஸ்-1 ஏற்பி தானே ஓர் அயனி வாயில். தூண்டும் பொருள் ஒட்டியிருக்கும்போதே நொடிகளில் மூடிக்கொள்ளும், அதற்கு அரெஸ்டின் தேவையில்லை.

இலியம்:
மிக்க நன்றி. அளவை அடுக்கடுக்காக ஏற்றி வளைவு எடுத்தால் கடைசிப் புள்ளிகள் சரிகின்றன. அதுவும் இதுதானா?

டைரோடு:
பெரும்பாலும் இதுதான். கழுவாமல் மேலே மேலே ஏற்றும்போது, முந்தைய அளவுகள் ஏற்பியை அடக்கிக்கொண்டே வருகின்றன. ஒவ்வோர் அளவையும் தனியாக விடுங்கள். 30 நொடித் தொடர்பு, பாத்தின் கொள்ளளவைப் போல 3 மடங்கு கரைசலால் கழுவல், ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். பெரிய அளவுக்குப் பிறகு 10 நிமிடம் விடுங்கள். நடுநடுவே 0.3-ஐத் திரும்ப விட்டுப் பாருங்கள். அதன் உயரம் மாறாமலிருந்தால் வளைவை நம்பலாம்.

பிரசவ அறை:
இதே இழப்பு நோயாளியிடமும் உண்டு. ஆக்ஸிடோசின் சொட்டு மணிக்கணக்கில் ஓடினால் கருப்பைத் தசையின் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் அடங்கும். பிரசவத்துக்குப் பின் கருப்பை தளர்ந்து ரத்தம் போகும்போது ஆக்ஸிடோசினையே ஏற்றிக்கொண்டு போனால் பலன் சுருங்கும். வேறு ஏற்பி வழியாக வேலை செய்யும் எர்கோமெட்ரின் அல்லது கார்போப்ரோஸ்ட் கைகொடுக்கும். முன்னதை ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும் பின்னதை ஆஸ்துமா உள்ளவருக்கும் கொடுக்கக் கூடாது.

நெஞ்சுவலிக்காகத் தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டையை நாள் முழுக்க ஒட்டியிருந்தால் பலன் மங்குவதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அங்கே செல்சவ்வு ஏற்பியே வேலையில் இல்லை. மருந்திலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு செயலைப் பெற்றுத்தரும் நொதி தளர்வது ஒரு முக்கியக் காரணம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் பட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வது அதனால்தான்.