பைக்கில் முதலுதவிப் பெட்டி: எதை வைப்பது, எங்கே வைப்பது?

நெடுவழி:

நண்பர்களுக்கு வணக்கம். விடுமுறை நாள்களில் துணைவியாருடன் பைக்கில் நீண்ட தூரம் செல்வது என் வழக்கம். அண்மையில் கடையில் ஆயத்தமாக விற்கப்படும் முதலுதவிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். சிறிய பிளாஸ்திரிகள் ஏராளமாக இருந்தன. அவற்றுடன் ஒரு பஞ்சுச் சுருளும், நகம் வெட்டவே திணறும் ஒரு கத்தரிக்கோலும், ஒரு களிம்பும் இருந்தன. காய்கறி நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவருக்கு இது போதும். தார்ச் சாலையில் சறுக்கி விழுந்தவருக்கு இதனால் என்ன பயன் என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

என் பைக்கில் பக்கப் பெட்டிகள் இல்லை. சீட்டுக்கு அடியில் பேட்டரியும் டூல் கிட்டும் போக ஒரு கையளவு இடமே மிஞ்சுகிறது. முதுகுப் பையில் வைத்துக்கொள்ளலாமா? வெயிலில் நிற்கும் வண்டியில் மருந்துகள் கெட்டுப்போகாதா? டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டையைப் பயிற்சி இல்லாதவர்கள் வைத்திருக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலர்ச்செவிலி:

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலி என்ற முறையில் எழுதுகிறேன். பெட்டியை நிரப்பும்போது, ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையிலான நேரத்தில் எது ஓர் உயிரைக் காக்கும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பைக் விபத்தில் அருகில் நிற்பவர் தம் கைகளாலேயே தடுக்கக்கூடிய பேராபத்து, நிற்காத குருதிப்போக்குதான். ஆகவே பெட்டியின் பெரும்பகுதியைக் காஸ் எனப்படும் மெல்லிய வலைத்துணியும் கட்டுத்துணியும் நிறைத்திருக்க வேண்டும். உள்ளங்கையைவிடப் பெரிய தடித்த காஸ் பட்டைகள் சில, ஒரு நீளமான காஸ் சுருள், இரண்டு கிரேப் பேண்டேஜ்கள், ஒரு முக்கோணக் கட்டுத்துணி ஆகியவை இருந்தால் அழுத்திப் பிடிக்கவும், சுற்றிக் கட்டவும், உடைந்த கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டவும் முடியும். காயத்தின் மேல் காஸை வைத்து உடலின் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தத்தைத் தொடருங்கள்.

பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைக்காதீர்கள். அதன் இழைகள் ஒட்டிக்கொண்டு, பிறகு மருத்துவமனையில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கும். சாலைச் சிராய்ப்புக்கு முதல் மருந்து தண்ணீர். குடிக்கத் தக்க தூய நீரோ சலைனோ கொண்டு மண்ணும் கல்துகளும் போகும்வரை தாராளமாகக் கழுவுங்கள். உள்ளே தங்கிவிடும் துகள்கள் தோல் ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோல் நிலைத்துவிடும். கழுவிய பின் காயத்தில் ஒட்டாத வகை டிரெஸ்ஸிங்கை வைத்துக் கட்டலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அது நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது ஆற வேண்டிய திசுவையும் சேர்த்தே பாதிக்கிறது.

நைட்ரைல் கையுறைகளை இரண்டு இணைகளாவது எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வியர்த்த கையில் மாட்டும்போது ஒன்று கிழிவது சாதாரணம். கத்தரிக்கோல் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். முனை மழுங்கிய, ஜீன்ஸையும் ரைடிங் ஜாக்கெட்டையும் வெட்டவல்ல மருத்துவக் கத்தரியே தேவை. அடிபட்டவரின் கையைச் சட்டையிலிருந்து உருவி எடுக்க முயல்வதைவிடத் துணியை வெட்டிவிடுவதே எப்போதும் நல்லது.

பட்டறை முருகு:

உள்ளே என்ன வைப்பது என்பதைச் சகோதரி தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்கே வைப்பது என்பதைப் பற்றி, பைக்குகளைப் பிரித்து மாட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதுகுப் பையில் கெட்டியான பெட்டி எதையும் வைக்காதீர்கள். மல்லாந்து விழுந்தால் அந்தப் பெட்டியின் விளிம்பு நேராக முதுகெலும்பில் இறங்கும். சீட்டுக்கு அடியில் வைப்பதிலும் சிக்கல் உண்டு. பல வண்டிகளில் அங்கே என்ஜின் சூடும் சைலன்சர் சூடும் ஏறும்; சாவி இல்லாமல் சீட்டைத் திறக்கவும் முடியாது. நீங்களே அடிபட்டுக் கிடக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பெட்டியைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பின் கேரியரிலோ பின்சீட்டின் வாலிலோ இறுக்கிக் கட்டிய மென்மையான சிறு பை, அதன் மேல் பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவைக் குறி, இதுவே எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு. அந்தக் குறியை மொழி தெரியாதவரும் அடையாளம் காண்பார்.

அதிர்வு என்ன செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிருமிநீக்கம் செய்த காஸ் பொட்டலங்களின் காகித உறை, ஓயாத உராய்வால் மூலைகளில் தேய்ந்து ஊசித் துளைபோல் ஓட்டை விழுந்துவிடும். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். மாத்திரைகள் ஸ்டிரிப்புக்குள்ளேயே பொடியாகிவிடும், மருந்துக் குப்பிகளின் மூடி தானாகக் கழன்றுகொள்ளும். எனவே ஒவ்வொரு வகையையும் தனித்தனி ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, உள்ளே எதுவும் ஆடாதபடி நெருக்கமாக அடுக்குங்கள். மழைநீரும் இதனால் புகாது. ஆயில் மாற்றும் போதெல்லாம் பையையும் ஒரு முறை பிரித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஜெர்மனியில் இருசக்கர வாகனங்களுக்கென்றே டிஐஎன் 13167 என்ற முதலுதவித் தரவிதி உண்டு. ஆஸ்திரியாவில் பைக் ஓட்டுபவர்கள் முதலுதவிப் பொருள்களை உடன் வைத்திருப்பது சட்டப்படியே கட்டாயம். இடமில்லை என்ற காரணம் பைக்குக்குப் பொருந்தாது என்பதை அவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தனிவழி:

மேலே உள்ள இரண்டு பதில்களோடும் உடன்படுகிறேன். ஆனால் பேச்சு முழுவதும் பெரிய விபத்தைப் பற்றியே போகிறது. பையை நாம் பெரும்பாலும் திறக்கப்போவது சின்னச் சின்னத் தொல்லைகளுக்குத்தான். பின்னால் இருந்து இறங்குபவரின் கெண்டைக்கால் சைலன்சரில் படுவது, ஹெல்மெட்டுக்குள் தேனீ புகுந்து கொட்டுவது, கண்ணில் பூச்சியோ தூசியோ விழுவது ஆகியவை அடிக்கடி நடப்பவை. சைலன்சர் சூட்டுக்குப் பற்பசையும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். வழியில் குழாய் இல்லையென்றால் பாட்டில் நீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள், அடுத்த குழாயைக் கண்டதும் தொடருங்கள். சூடு பட்ட பிறகு 3 மணி நேரம் வரை குளிர்விப்பதற்குப் பயன் உண்டு. தேனீயின் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்காமல் உடனே எடுத்துவிடுங்கள், ஏனெனில் தாமதிக்கும் நேரமெல்லாம் நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு ஒரு முறை பயன்படுத்தும் சிறு சலைன் குப்பிகள் இரண்டு போதும்.

டூர்னிகே பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. தெரியாதவர் கையில் அது தீங்கு செய்யாதா?

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. எனக்கும் அதே கேள்விதான். கூடவே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா, கூடாதா? ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். வலி மாத்திரை கொடுப்பது சரியா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மலர்ச்செவிலி:

தனிவழி அவர்களின் தயக்கம் நியாயமானதே. ஆயினும் கையிலோ காலிலோ குருதி பீறிட்டு, அழுத்தியும் நிற்காத நிலையில், டூர்னிகே போடாமல் விடுவதுதான் பெரிய தீங்கு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, குருதி நிற்கும்வரை பட்டையில் உள்ள முறுக்கியை (இறுக்கும் சிறு கம்பை) திருக வேண்டும். அது கடுமையாக வலிக்கும். வலிக்கிறது என்பதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அதன் மீதோ நெற்றியிலோ எழுதிவிடுங்கள். ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்துவிட்டால், ‘கட்டினால் கை கால் போய்விடும்’ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை. கயிறும் ஷூ லேசும் இதற்கு மாற்றாகா, ஏனெனில் மெலிந்த கயிறு தசையை அறுக்குமே தவிரக் குருதியை முழுமையாக நிறுத்தாது. பழகிப் பார்ப்பதற்கு ஒன்றும், பிரிக்காமல் வைத்திருக்க ஒன்றுமாக இரண்டு வாங்குங்கள். பல முறை முறுக்கிய பட்டையை அவசரத்துக்கு நம்ப முடியாது. பிரிக்காததை ஒரு ஜோடிக் கையுறையுடன் ஜாக்கெட் பையில் வைப்பது என் விருப்பம். விழும்போது பைக் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போய்விடுவது உண்டு.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, அவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். முகமறைப்பை மட்டும் உயர்த்தி, தலையை அசைக்க வேண்டாம் என்று சொல்லி அருகிலேயே இருங்கள். மூச்சு இல்லை என்றாலோ, வாந்தியால் மூச்சு அடைகிறது என்றாலோ கழற்றியே ஆக வேண்டும், அதற்கு இருவர் தேவை. ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்கிக் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் வாரை வெட்டி, ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் விரித்து மெல்ல உருவ வேண்டும். சில ஹெல்மெட்டுகளில் கன்னப் பஞ்சுகளை இழுத்தெடுக்கச் சிவப்பு நாடாக்கள் இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூச்சு இல்லாதவருக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், அவை குருதி உறைவதைத் தடுக்கும். பலத்த அடி என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய்வழியாக எதுவுமே கொடுக்காதீர்கள். சிறிய அடிக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் வெயிலில் நிற்கும் வண்டியில் விடாமல் சட்டைப் பையில் வையுங்கள். மருந்து அட்டைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்குமாறு அச்சிட்டிருப்பார்கள். கறுப்புப் பை ஒன்று வெயிலில் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

கடைசியாக ஒன்று. உங்கள் இருவரின் குருதி வகை, ஒவ்வாமை, வழக்கமாக உண்ணும் மருந்துகள், அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதிய அட்டைகளை அவரவர் உடையிலேயே வையுங்கள். பையில் மட்டும் வைத்தால், இருவரையும் வெவ்வேறு வண்டிகளில் ஏற்றும்போது அது யாருடன் போகும் என்று சொல்ல முடியாது.