நனோத்துணிக்கை நோயுற்ற கலத்தை அறியுமா?

கல்லடியான்: பரம்பரையலகுச் சிகிச்சைக்கான நனோத்துணிக்கை அமிலத்தன்மையை உணர்ந்து நோயுற்ற கலத்தில் மாத்திரமே திறக்கும் என்று வாவிக்கரை நேற்று எழுதியதை வாசித்தபின் வாளாவிருக்க இயலவில்லை. நனோத்துணிக்கையாகச் செலுத்தப்படும் பட்டிசிரான் மருந்திலுள்ள இலிப்பிட்டின் (கொழுப்பின்) பீகேஏ, அதாவது அதன் மூலக்கூறுகளில் பாதி புரோத்தனைப் பற்றியிருக்கும் பீஎச், ஏறத்தாழ 6.4 ஆகும். பீஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்; குருதியின் பீஎச் 7.4 என்பதால் அங்கே அது பெரும்பாலும் ஏற்றமின்றி இருக்கும். கலம் அதனை விழுங்கியபின், எண்டோசோம் என்னும் உட்பையினுள் அமிலத்தன்மை கூடக்கூட, புரோத்தனைப் பற்றி நேரேற்றம் பெற்று அப்பையின் மென்சவ்வைக் குலைக்கும். எண்டோசோம் எல்லாக் கலத்துக்கும் பொதுவானது. 6.4 என்ற எண்ணுக்கு நோயாளி யார் என்று தெரியாது.

வாவிக்கரை: புற்றுக்கட்டியைச் சூழ்ந்த திரவத்தின் பீஎச் பெரும்பாலும் 6.5 முதல் 6.9 வரை இறங்குவதையும், அந்த வித்தியாசத்திலேயே மேலுறையைக் கழற்றும் காவிகள் (சரக்கான மருந்தைச் சுமக்கும் துணிக்கைகள்) ஆய்வுகூடங்களில் வடிவமைக்கப்படுவதையும் ஐயா வசதியாக மறந்துவிட்டார். மேலும், பட்டிசிரான் பரம்பரையலகு எதனையும் சேர்ப்பதில்லை, குறுகிய ஆர்.என்.ஏ மூலம் ஒரு புரதத்தின் உற்பத்தியை அடக்குகிறது, அவ்வளவே.

கல்லடியான்: காவியைப் பற்றிக் கேட்டால் சரக்கைப் பற்றிப் பதில் வருகிறது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அம்மருந்து ஈரலைச் சென்றடைவது அமிலத்தை மோப்பம் பிடித்தன்று. குருதியிலுள்ள அப்போ ஈ என்னும் புரதம் துணிக்கையில் ஒட்டிக்கொள்ள, ஈரற்கலத்தின் வாங்கிகள் அதனை உள்ளிழுக்கின்றன. மீண்டும் எழுதுகிறேன்: 6.4.

கல்முனை வாசகன்: உள்ளே போன ஆர்.என்.ஏயில் 1 முதல் 2 சதவீதமே எண்டோசோமிலிருந்து தப்புகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. சண்டை பிடிப்பதானால் அதற்கல்லவா பிடிக்க வேண்டும்? மின்வெட்டு நாளில் அம்பாறையில் இவற்றை எந்தக் குளிரில் வைப்பது என்பது வேறு கதை.

வாவிக்கரை: நானா, குளிரூட்டியைப் பிறகு பார்ப்போம். சென்ற வருடம் எனது டெங்குக் கட்டுரையை நீக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியவர் இதே கல்லடியான்தான் என்பதைத் தாங்களும் அறிந்துகொள்ளுங்கள். 6.5 முதல் 6.9 என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கல்லடியான்: அக்கட்டுரையில் பிழை இருந்தது, எழுதினேன், இன்றும் எழுதுவேன். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்டேன் என்பவரிடம் ஒலிப்பதிவு கேட்டால் கோபம் வருவதுபோல் இவருக்கு வருகிறது. கட்டியின் அமிலத்தில் உறை கழன்றாலும், சரக்கு வெளியேறுவது கலத்தின் உள்ளேதான். அங்கே மறுபடியும் எண்டோசோம், மறுபடியும் அதே கணக்கு. கட்டியின் அமிலத்தால் திறந்து, மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட பரம்பரையலகுக் காவி ஒன்றின் பெயரை எழுதுங்கள்.

வாவிக்கரை: பெயர் கேட்பவர், டெங்குக் கட்டுரையில் எந்த வரி பிழை என்பதை முதலில் எழுதட்டும். 6.5 முதல் 6.9.

கல்லடியான்: 6.4.