சமையலின் நடுவே ஒரு பொருள் இல்லை என்றால் கடைக்கு எவ்வளவு நேரம்? குமுளி, சக்குபள்ளம் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: சின்னமனூர்க்காரன்

வணக்கம். ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் இடத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருப்பதால், சின்னமனூரிலிருந்து குடும்பத்தோடு கேரளப் பக்கம் குடிபோக இருக்கிறோம். இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று குமுளி ஊருக்குள், தேக்கடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மற்றொன்று சக்குபள்ளம் பக்கம், பேருந்து நிற்கும் முக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஏலத்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டாவதற்கு வாடகை பாதிதான், வீடும் விசாலம்.

என் மனைவி கேட்பது ஒன்றே ஒன்று: தாளிக்கும்போது கடுகு டப்பா காலியாக இருந்தால் என்ன செய்வது? இப்போது எங்கள் தெருமுனையிலேயே பலசரக்குக் கடை இருக்கிறது. அடுப்பைத் தணித்துவிட்டுப் பையனை அனுப்பினால், எண்ணெய் ஆறுவதற்குள் வந்துவிடுவான். சக்குபள்ளம் வீட்டிலிருந்து முக்குக்கு எட்டு நிமிடம் என்று கைப்பேசி வரைபடம் காட்டுகிறது. ஆனால் பைக்கை நான் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவேன். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். உண்மையில் கடைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும், எந்தெந்தப் பொருள் அங்கே கிடைக்காது என்பதை அனுபவப்பட்டவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: குமுளிவாசி

தம்பி, வரைபடம் சொல்லும் எட்டு நிமிடம் காலி வண்டிக்கு, மழையில்லாத நாளில், இறக்கத்தில் போகும்போது மட்டும் சரியாக இருக்கும். நடந்தால் மூன்று கிலோமீட்டர் இறங்க முக்கால் மணி நேரம் போதும். கையில் அரிசிப் பையோடு ஏறித் திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆட்டோ கிடைக்கும், ஆனால் ஒரு பொட்டலம் கடுகுக்கு ஆட்டோ பிடிக்க யாருக்கு மனம் வரும்?

குமுளிக்குள் இருந்தால் அந்தக் கவலை இல்லை. சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழும் ஊர் என்பதால், சீசனில் இரவு நேரம் கழித்தும் கடைகள் திறந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போய்வருவதற்குள் சாதம் ஒரு கொதி வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் கடை பக்கத்தில் இருப்பதும் நாம் கேட்கும் பொருள் அந்தக் கடையில் இருப்பதும் வேறு வேறு. கேரளத்துச் சிவப்பரிசியான மட்ட அரிசியும் தேங்காயெண்ணெயும் எங்கும் கிடைக்கும். நாம் பழகிய இட்லி அரிசி, செக்கு நல்லெண்ணெய், பனைவெல்லம் ஆகியவற்றைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் சில கடைகளில்தான் வைத்திருப்பார்கள். அவற்றின் சரக்கு கம்பத்திலிருந்து மலையேறி வருகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு அந்தச் சரக்கு வண்டிகள் வணிகவரிச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்கும்; இப்போது அந்தத் தாமதம் இல்லை. மழைக்காலத்தில் லோயர்கேம்ப் மலைச்சாலையில் மண் சரிந்தால் மட்டும் வண்டி ஏறுவது தடைப்படும். அந்த நாட்களில் தக்காளி விலையைக் கேட்காமலே வாங்கிவிடுவது மனதுக்கு நல்லது.

கார்த்திகை, மார்கழி மாதங்களையும் கணக்கில் வையுங்கள். சபரிமலைக் கூட்டம் அதிகமானால் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். மேலே வரும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்புபவற்றைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். 'சின்னமனூரிலேயே வாங்கி வந்துவிடலாம்' என்று நினைத்துக் கீழே இறங்குபவருக்கு அந்த நாட்களில் திரும்பும் வழி நீண்டுவிடும். ஹர்த்தால் நாளில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஊரே அடைத்துக் கிடக்கும். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது. அதற்குப் பிறகும் திடீர் ஹர்த்தால்கள் நடந்திருக்கின்றன என்பதால், வீட்டில் இரண்டு நாளுக்கான காய்கறி எப்போதும் இருக்கட்டும்.

பதில்: ஏலக்காட்டு அம்மாள்

மேலே பெரியவர் சொன்னதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் ஊருக்குள் இருப்பவர், நான் தோட்டத்துக்குள் இருப்பவள். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்காக எழுதுகிறேன்.

கடுகு தீர்ந்தால் இங்கே யாரும் கடைக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறோம். லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருப்பதால் கைமாற்று என்பது கூப்பிடும் தூரத்தில் முடிந்துவிடும். ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் ஒரு டம்ளர் சர்க்கரையாகவே திருப்பித் தர வேண்டும், காசாகத் தந்தால் முகம் சுருங்கும். ஆகவே தனி வீடா, அருகில் லயமோ வேறு குடும்பமோ இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். முக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஜீப். தேனி மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் ஜீப்புகள் மேலே வரும், பிற்பகலில் இறங்கிவிடும். பழக்கமான ஓட்டுநரிடம் சீட்டு எழுதிப் பணத்தோடு கொடுத்துவிட்டால், மறுநாள் காலையில் கம்பத்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பின்பக்கக் கம்பியில் மஞ்சள் பையாகத் தொங்கியபடி வந்து சேரும். சீட்டில் அளவைத் தெளிவாக எழுதுங்கள். 'புளி கொஞ்சம்' என்று எழுதினால் அவருக்குத் தோன்றிய கொஞ்சம்தான் வரும்.

உண்மையில் நம்மைத் தவிக்க வைப்பவை உப்பும் புளியும் அல்ல. குக்கர் காஸ்கெட், சேஃப்டி வால்வு, மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் போன்றவைதான். எந்தப் பெட்டிக்கடையிலும் இவை இருக்காது. காஸ்கெட் வாங்கப் போகும்போது மூடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று லிட்டருக்கும் ஐந்து லிட்டருக்கும் வளையம் வேறாக இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனியும் அளவு மாறும். கண்ணளவில் வாங்கி வந்தால் ஆவி பக்கவாட்டில் சீறும். பருப்பு வேகாத அந்த ஒரு பொழுதில்தான் குமுளி எவ்வளவு தூரம் என்பது தெரியும். ஆகவே காஸ்கெட்டில் ஒன்றை உபரியாக வாங்கி வையுங்கள்.

பதில்: பூப்பாறை நண்பர்

எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகும் நேரத்தை யானைதான் தீர்மானிக்கிறது. இருட்டிய பிறகு அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக்கூட யாரும் தனியாக நடப்பதில்லை. அரிசிக்காகக் கடைகளையும் ரேஷன் கடையையும் உடைத்ததால்தான் அரிக்கொம்பன் என்ற யானைக்கு அந்தப் பெயரே வந்தது (மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி). 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. அங்கே 144 தடையுத்தரவு போட்டபோது, தெருமுனைக் கடைக்கும் போக முடியாத நிலை என்றால் என்னவென்று கீழே இருப்பவர்களுக்கும் தெரிந்தது. சக்குபள்ளத்தில் எங்கள் அளவுக்குத் தொல்லை இல்லை என்றாலும், அந்த மூன்று கிலோமீட்டர் வழியில் தெருவிளக்கு இருக்கிறதா என்று மாலையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பதில்: பள்ளிப்பட்டு

நான் ஆந்திர எல்லைக்காரன், எங்களுடையது சமவெளி. நகரியில் இருக்கும் கடைக்கும் பள்ளிப்பட்டில் இருக்கும் கடைக்கும் மொழி மாறுமே தவிர, பொருள் பெரிதாக மாறாது. சைக்கிளிலேயே பலர் போய்வருகிறார்கள். ஆனால் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அப்போது எதிர்க்கரையில் கடை கண்ணுக்குத் தெரிந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஓடையோ தரைப்பாலமோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பதற்காகவே இதை எழுதினேன்.

கேள்வி கேட்டவர்: சின்னமனூர்க்காரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. சக்குபள்ளம் வீட்டின் கீழே ஐந்தாறு குடும்பங்கள் இருக்கின்றன என்று வீட்டுக்காரர் கூறுகிறார். ஜீப் வரும் வழியும் அதுதானாம். அம்மாவின் மாத்திரை மட்டுமே இப்போது உறுத்துகிறது. சின்னமனூரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமாக மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது. அங்கே என்ன செய்வது?

பதில்: குமுளிவாசி

தம்பி, 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது, மலையேறி வராது. இங்கே பஞ்சாயத்துக்கு உட்பட்ட அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பதிந்து வாங்கலாம். அம்மாவின் ஆதாரையும் இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோய் முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி சின்னமனூர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் என்றால் எந்த மருந்துக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி, அதிலும் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையாக இருந்துவிட்டால், 'இங்கே வராது, வரவழைத்துத் தருகிறேன்' என்பார்கள்.

கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் மானிய விலையில் பருப்பும் மிளகாயும் வாங்கக் கேரள ரேஷன் அட்டை வேண்டும். இங்கே நிலையாகத் தங்குவது உறுதியானால், தமிழ்நாட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்குள் அந்த அம்மாள் சொன்ன ஜீப் ஓட்டுநரின் எண்ணை வாங்கிவிடுங்கள். சக்குபள்ளம் பக்கம் எந்த ஜீப் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முக்கில் இருக்கும் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.