கொல்லைப்புறத்தில் மலை ரயில்

மேட்டுப்பாளையம் வீட்டார் (குடும்பக் குழு)
வெள்ளிக்கிழமை

அருண் அண்ணா, காலை 9.12
எல்லோருக்கும் வணக்கம். இங்கே கலிபோர்னியாவின் சன்னிவேலில் இப்போது வியாழன் இரவு. நாளை மறுநாள், சனிக்கிழமை, நம் கொல்லைப்புற ரயிலை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடுகிறோம். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அறிவிப்புச் சீட்டு கொடுத்தாயிற்று.

கோமதி அத்தை, 9.15
ரொம்ப சந்தோஷம் கண்ணு. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வீட்டுக்குள் வருவார்களா? மீனா சமாளிப்பாளா?

மீனா அண்ணி, 9.18
வீட்டுக்குள் யாரும் வர வேண்டியதில்லை. பக்கவாட்டுக் கேட் வழியாக நேரே தோட்டம், அதே வழியாக வெளியே. பக்கத்து வீட்டாரிடம் கார்கள் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொண்டோம்.

நிலா, 9.20
அண்ணா, இது பொம்மை ரயிலா, மாதிரி ரயிலா? என் தோழிகள் கேட்கிறார்கள்.

அருண் அண்ணா, 9.27
மாதிரி ரயில், நிலா. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் தோட்டத்திலும் ஓடக்கூடிய ரயில்களைக் கொண்டுவந்தது. அந்த அளவு 22.5-க்கு 1, அதாவது அசலில் 22.5-இல் ஒரு பங்கு. நம் நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அல்லவா? 1000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4, கிட்டத்தட்ட அதே 45 வருகிறது. நம் ஊர் ரயிலைச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. அப்பா உயரத்தில் ஒருவரை இந்த அளவில் செய்தால் ஏழரை சென்டிமீட்டர்தான் இருப்பார்!

பெரியப்பா (அருணின் அப்பா), 9.31
உன் மாதிரிப் பாதையில் கல்லாறு ஏற்றத்தில் எஞ்சினை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறாய்?

அருண் அண்ணா, 9.33
கீழ்ப்பக்கம்தான் அப்பா. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது.

பெரியப்பா, 9.35
அதுதான் சரி. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பின்னால் ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். வருகிறவர்கள் ‘ஏன் எஞ்சின் பின்னால் இருக்கிறது’ என்று கட்டாயம் கேட்பார்கள். அதைச் சொல். தண்டவாளங்களுக்கு நடுவில், எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறுகிற பற்சட்டத்தையும் காட்டு. 12 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதை, வெறும் சக்கரத்தை நம்பி ஏற முடியாது.

அருண் அண்ணா, 9.38
தள்ளும்போது முன்பெட்டி வளைவில் தடம் புரண்டுகொண்டிருந்தது. பெட்டிக்குள் ஈயக் கட்டி வைத்துக் கனமாக்கிய பிறகு நின்றுவிட்டது.

சித்தப்பா, 9.44
அருண், தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறதே, குழந்தைகள் தொட்டால்?

அருண் அண்ணா, 9.47
24 வோல்ட்டைத் தாண்டாது சித்தப்பா, தொட்டால் ஒன்றும் ஆகாது. வீட்டு மின்சாரம் கொட்டகையில் பூட்டிய பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரோடு நின்றுவிடுகிறது. எனக்குப் பெரிய வேலை காலையில்தான். பித்தளைத் தண்டவாளம் கறுத்துவிடும், நீண்ட கம்பு நுனியில் மெல்லிய உப்புத்தாள் கட்டித் தேய்த்தால்தான் மின்சாரம் பாயும். இரவில் ரக்கூன்கள் புழு தேடி மண்ணைக் கிளறி ஜல்லியைப் பாதை மேல் தள்ளிவிடும். நத்தை ஊர்ந்த இடத்தில் சக்கரம் வழுக்கும். அதனால் 7 மணிக்கே இறங்கிவிடுவேன்.

அருண் அண்ணா, 9.49
பாதை நெடுகக் கயிறு கட்டிவிட்டேன். ‘தொடாதீர்கள்’ பலகையும் தயார்.

பெரியப்பா, 9.58
தம்பி, அந்தப் பலகை வேண்டாம். நான் குன்னூர் ஷெட்டில் இருந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். தள்ளி நின்று பார்த்த பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். மேலே ஏற்றி விசிலை ஒரு தரம் ஊத விட்டோமானால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்து நிற்கும். நீயே அப்படி வந்தவன்தானே? கதவைத் திறந்து அழைத்துவிட்டு, உள்ளே வந்த பிள்ளையைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓட்டுகிற கருவியைக் கையில் கொடுத்து, குன்னூர் வரை நீதான் டிரைவர் என்று சொல்.

அருண் அண்ணா, 10.03
அப்பா, பற்சக்கர எஞ்சின் கெட்டால் மாற்றுவது கஷ்டம். வேகத்தை முழுதாகத் திருப்பிவிட்டால் வளைவில் கவிழும்.

நிலா, 10.05
அண்ணா, கீழே தனிச் சுற்றுப்பாதை இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே?

அருண் அண்ணா, 10.11
கொடுக்கலாம்! அது சமதளம், பேட்டரி எஞ்சின். உச்ச வேகத்தை ரிமோட்டிலேயே குறைத்து வைத்துவிடலாம். ஆளுக்கு இரண்டு சுற்று. ஆனால் நிஜ நீராவியில் ஓடுகிற இன்னொரு எஞ்சின் பக்கம் மட்டும் கயிறு இருக்கும் அப்பா, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பியூட்டேன் வாயு நிரப்பும்போது சுற்றிலும் யாரும் நிற்கக் கூடாது. கொதிகலன் கையைச் சுட்டுவிடும். 11 மணிக்கும் 1 மணிக்கும் மட்டும் ஓட்டுகிறேன்.

பெரியப்பா, 10.13
அதற்குக் கயிறு கட்டத்தான் வேண்டும். நல்ல தடிமனான கயிறாகக் கட்டு.

மீனா அண்ணி, 10.20
தேயிலைத் தோட்டத்துக்குக் குட்டைப் புதர்களை வரிசையாகக் கத்தரித்துவிட்டேன். உள்ளே ஒரு யானை, ஒரு கரடி, கொடி பிடித்த பிரேக்ஸ்மேன் (பெட்டியில் பிரேக் போடுபவர்) பொம்மைகள் எல்லாம் ஒளித்து வைக்கிறோம். தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குப் படத்தாள் கொடுக்கப் போகிறேன்.

கோமதி அத்தை, 10.22
உன் அப்பாவும் பார்க்கட்டும், சனிக்கிழமை வீடியோ அழைப்பு போடு கண்ணு.

அருண் அண்ணா, 10.24
இங்கே 10 மணி என்றால் உங்களுக்கு இரவு 10.30. விழித்திருப்பீர்களா அப்பா?

பெரியப்பா, 10.25
இருப்பேன். முதல் வண்டியிலிருந்து பார்க்க வேண்டும்.

சித்தப்பா, 10.29
பாதை தரையோடு இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு?

அருண் அண்ணா, 10.34
கல்லாறு பக்கம் 2 அடி உயரத்தில் மண் மேடை, உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நடைபாதையும் அகலம். கேட் அருகில் உள்ள படிக்கு ஒரு பலகைச் சாய்வு போட வேண்டும், நாளை மாலை அடித்துவிடுகிறேன்.

பெரியப்பா, 10.36
அறிவிப்புச் சீட்டில் அதையும் சேர்த்துவிடு. தெரியாவிட்டால் வராமலே இருந்துவிடுவார்கள்.

அருண் அண்ணா, 10.41
சேர்த்துவிட்டேன் அப்பா. ‘பிள்ளைகள் ரயில் ஓட்டலாம்’ என்றும் மேலே எழுதிவிட்டேன். நாளை காலை மறுபடியும் ஒரு சுற்று கொடுத்துவிட்டு வருகிறோம்.